குளிருக்கு முன்னரே ஆயத்தமாகும் உயிர்கள்

நத்தார் நெருங்கினால் திருகோணமலையின் கிறிஸ்தவ இல்லங்களில் குடில்கள் எழும்புகின்றன. சவுக்குக் கிளைகளில் பஞ்சைப் பிய்த்து ஒட்டி, அதனைப் பனி என்கின்றோம். வெப்பமானி 24 பாகைக்கு இறங்கினாலே போர்வை தேடும் துறைமுக நகரம் நம்முடையது. பனி என்ற தமிழ்ச்சொல்லும் நமக்குப் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியைத்தான் முதலில் காட்டுகின்றது. நீர் கல்லாய் இறுகும் குளிர் இக்கரையில் இல்லை. ஆயினும் நம் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் சூரிச்சிலும் வாழத் தொடங்கிய நாள்முதல், அக்குளிர் நம் வீட்டுப் பேச்சாகிவிட்டது.

திருப்பலி முடிந்தபின் ஒரு தாய், கனடாவிலிருந்து மகன் அனுப்பிய நிழற்படமொன்றைக் காட்டினார். வீதியின் இருமருங்கும் இலையற்ற மரங்கள். “சுவாமி, இந்த மரங்கள் எல்லாம் பட்டுப்போச்சுதோ?” என்று கேட்டார். மரத்தைப் பற்றி மட்டும் அவர் கேட்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

குளிர் ஏன் கொல்கின்றது என்பதை முதலில் அறிவோம். நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு கூடுகின்றது. நீர் நிறைந்த கண்ணாடிப் போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியின் பனிக்கட்டி அறையில் மறந்து வைத்தவர்கள் இதனை அறிவர். தாவரத்தின் கலங்களுக்கு உள்ளே பனிப்பளிங்கு உருவானால், அது மென்சவ்வைக் கிழித்து உயிரைப் போக்கிவிடும். நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. தை, மாசி மாதங்களில் தெளிந்த வானமுள்ள இரவுகளில் நுவரெலியாவில் உறைபனி படிகின்றது. கனத்த குளிர்காற்று சரிவுகளில் வழிந்து பள்ளங்களில் தேங்குவதால், தாழ்நிலத்துத் தேயிலைச் செடிகள் தீயில் வாட்டியவை போல் கருகிவிடுகின்றன. மேட்டுச் சரிவில் நிற்பவை தப்பிக்கொள்கின்றன. (அந்த மலைகளின் நீரை மகாவலி சுமந்து வந்து நம் கொட்டியாரக் குடாவில்தான் சேர்க்கின்றது.) தேயிலை கருகும் அதே பள்ளத்தில் புல் மீண்டும் தளிர்க்கின்றது. புல்லின் வளர்முனை மண்ணோடு ஒட்டி மறைந்திருப்பதே காரணம்.

கனடாவின் மேப்பிள் மரம் செய்வது இதனினும் நுட்பமானது. திருகோணமலையில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மணி நேரமே வேறுபாடு. ரொறன்ரோவிலோ ஆனி மாதத்தில் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் நீளும் பகல், மார்கழியில் ஒன்பது மணி நேரத்துக்குச் சுருங்குகின்றது. பகல் குறுகத் தொடங்கியதும், உறைபனி வருவதற்குப் பல வாரங்களுக்கு முன்னரே, மரம் ஆயத்தமாகின்றது. இலையிலுள்ள சத்துகளை உள்ளே இழுத்துக்கொண்டு, காம்பின் அடியில் தக்கை போன்ற படலத்தால் வாயிலை அடைத்து இலையை உதிர்க்கின்றது. உறைந்த மண்ணிலிருந்து நீர் பெற இயலாத காலத்தில், நீரை ஆவியாக்கும் இலை சுமையே அன்றோ! கலங்களில் சர்க்கரை மிகுகின்றது. உறையக்கூடிய நீர் கலத்தின் வெளியே செல்கின்றது. பனிப்பளிங்கு கலங்களின் இடைவெளியில் உருவாகின்றது; உள்ளே உயிர் தங்குகின்றது. அந்த நிழற்படத்து மரங்களின் ஒவ்வொரு கிளையிலும் அடுத்த வசந்தத்தின் மொட்டு இருந்தது. அது கோடையிலேயே உருவாகிவிட்டது.

உதிர்ந்த இலையும் வீணாவதில்லை. அச்சருகின் அடியில் வனத்தவளை என்னும் சிறு உயிர் குளிர்காலத்தைக் கழிக்கின்றது. தோலில் பனி தொட்டதும் அதன் ஈரல் பெருமளவு குளுக்கோசைக் குருதியில் விடுகின்றது. அச்சர்க்கரை கலங்களைக் காக்கின்றது. பின்னர் உடல்நீரின் மூன்றில் இரண்டு பங்கு வரை உறைகின்றது. மூச்சில்லை; இதயத்துடிப்பில்லை. வாரக்கணக்கில் கல்லாய்க் கிடந்து, வெப்பம் திரும்பியதும் துள்ளிச் செல்கின்றது. ஒட்டாவாவின் கார்ள்டன் பல்கலைக்கழகத்தில் கெனத் ஸ்டோரி என்னும் அறிஞர் இதனைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். இத்தவளையை உயிர்ப்பு விழா மறையுரைக்கு உவமையாக்க எனக்கு விருப்பமில்லை. இது இறக்கவில்லை, தன்னைக் காத்துக்கொண்டது, அவ்வளவே. மேலே விழும் வெண்பனியும் அதற்குப் பகையன்று. காற்றைச் சிறைப்படுத்திய வெண்பனி, பஞ்சு மெத்தை போல வெப்பத்தைக் காக்கின்றது. வெளியே காற்று 20 பாகை உறைநிலைக்குக் கீழே இருக்கும்போதும், தடித்த பனிப்போர்வையின் அடியில் நிலம் உறைநிலையை ஒட்டியே நிற்கும். பனி விழாத கடுங்குளிர்தான் அத்தவளைக்கு ஆபத்து.

ஓடித் தப்புவதும் ஒரு வழியே. எரேமியா இறைவாக்கினர் தம் நூலின் 8ஆம் அதிகாரத்தில் பருவமறிந்து வரும் பறவைகளைப் பேசும்போது தகைவிலானையும் குறிப்பிடுகின்றார். வடநாட்டுக் குளிர்காலத்தில் நம் மின்கம்பிகளில் வரிசையாய் அமரும் பறவை அதுவே. சிறகுள்ள பறவை குளிரை ஓரளவு தாங்கும், பசியைத் தாங்காது. பூச்சிகள் மறைந்து சேறு உறைந்துவிட்டால் இரை இல்லை. ஆதலால் சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரிக்கும் வளைந்த அலகுடைய உள்ளான், ஏறத்தாழ 60 கிராம் எடையே உடையது, நம் நாட்டுக் களப்புகளைத் தேடி வருகின்றது. மன்னாரில் ஆய்வாளர்கள் கருவி பொருத்திய கடற்காகமொன்று 2021இல் ரஷ்யாவின் யமால் தீபகற்பம் வரை பறந்து சென்று திரும்பியமை, இவ்வழி எத்துணை நெடியது என்பதைக் காட்டியது. உள்ளானிடம் இன்னொரு வியப்பும் உண்டு. தாய் தந்தைப் பறவைகள் முதலில் புறப்பட்டுவிடும். இளங்குஞ்சுகள் சில வாரங்கள் கழித்து, வழிகாட்டி எவருமின்றி, கண்டறியாத கடற்கரையை நோக்கித் தாமாகவே பறக்கின்றன. இதனை அத்தாயிடம் சொன்னபோது அவர் வெகுநேரம் பேசவில்லை.

மேப்பிளுக்குத் தன் மொட்டும் தவளைக்குச் சருகும் எவையோ, அவையே இப்பறவைகளுக்கு நிலாவெளி, கொக்கிளாய், தம்பலகாமம் பகுதிகளின் சேற்றுநிலங்கள். பிறநாட்டில் நம் பிள்ளைகளுக்கு எவரேனும் கதவு திறக்கவேண்டும் என்று மன்றாடும் நாம், இச்சேற்றைக் குப்பை கொட்டவும் மண்ணிட்டு நிரப்பவும் உரிய வெற்றிடமாகக் காண்பது பொருந்தாது. நாய் துரத்தினாலும் சிறுவர் கல்லெறிந்தாலும், எழுந்து பறக்கும் ஒவ்வொரு முறையும் பறவை தான் சேர்த்த கொழுப்பைச் செலவிடுகின்றது. அக்கொழுப்பே அதன் வழிச்சோறு. பங்குனியில் அவை ஓயாமல் சேற்றைக் கொத்தி உடலைப் பெருக்கிக்கொள்கின்றன. பின்னர் சித்திரையில் ஒரு மாலை, கூட்டமாய் எழுந்து, வடக்கே திரும்புகின்றன.