ஒரே பாதை, இரண்டு வண்டிகள்

சென்ற மாதக் கூட்டம் முடிந்து காபி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உறுப்பினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "சார், என் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10 இருக்கிறது. இனி அது உதவாது, புதுசு வாங்குங்கள் என்கிறான் பையன். நீங்கள் லினக்ஸ் என்று ஏதோ போட்டிருக்கிறீர்களாமே, அதைப் போட்டால் பழையது போய்விடுமா?" என்று கேட்டார். போகாது, இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்றேன். "ஒரே பெட்டியில் இரண்டா? ஒன்றோடொன்று சண்டை போடாதா?" என்றார்.

சண்டை போடும், நாம் இடம் கொடுத்தால். அன்று நின்றபடியே நான் சொன்னது பாதிதான். மீதியையும், நான் செய்த தவற்றையும் சேர்த்து எழுதித் தரும்படி நம் இதழாசிரியர் கேட்டுக்கொண்டார்.

நான் கணிப்பொறி படித்தவன் அல்ல. டிப்ளமோ முடித்து 1981-ல் ரயில்வேயின் சிக்னல் பிரிவில் சேர்ந்தேன். 2019-ல் ஓய்வு பெற்றேன். கரக்பூரிலேயே தங்கிவிட்டேன். வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் 2016-ல் வாங்கியது. நான்கு ஜி.பி. நினைவகம், ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க். இன்றைக்கும் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது.

ஆனால் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. நீட்டிப்புக்குப் பதிவு செய்துகொண்ட வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு மேலும் ஓராண்டு கொடுத்தார்கள், அவ்வளவுதான். அடுத்ததான விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்கிறது. இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைச் செயலி முதல்தான் ஏற்றுக்கொள்கிறது. என்னுடையது ஆறாம் தலைமுறை. ஓடுகிற எஞ்சினைக் கண்டம் செய்து யார்டுக்குத் தள்ளுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. பென்ஷன்காரனுக்குப் பணமும் ஒரு காரணம் என்பதை ஏன் மறைக்க வேண்டும்?

பெங்களூரில் இருக்கும் என் பேரன் போனில், "தாத்தா, விண்டோஸை அழிச்சிட்டு லினக்ஸ் மின்ட் போட்டுடுங்க, ஒரு மணி நேர வேலை" என்றான். லினக்ஸின் கரு 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுத ஆரம்பித்தது. அதைச் சுற்றிப் பல குழுக்கள் பல வகைகளைக் கட்டி இலவசமாகத் தருகின்றன. மின்ட் அவற்றுள் ஒன்று. இரண்டு ஜி.பி. நினைவகத்திலேயே ஓடும், நான்கு இருந்தால் சௌகரியம். 2024-ல் வந்த அதன் 22-ஆம் பதிப்புக்கு 2029 ஏப்ரல் வரை திருத்தங்கள் உண்டு.

அழிக்க எனக்குத் துணிவு வரவில்லை. காரணம் நம் சங்கம். 1997 முதல் 2008 வரையிலான நம் இதழ்களின் மூலக் கோப்புகள் என்னிடம்தான் இருக்கின்றன. முன்னாள் செயலாளர் ஊரைவிட்டுப் போகும்போது ஒப்படைத்தவை. அவை எல்லாம் யூனிகோட் பரவுவதற்கு முந்தைய எழுத்துருவில் அடித்து, பேஜ்மேக்கரில் பக்கம் கட்டியவை. அந்நாளில் மென்பொருளுக்கு ஒரு குறியீட்டு முறை. 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்று தரம் வகுத்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் அடித்தவை அப்படியே கிடந்தன. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் திரு.வி.க. பற்றிய கட்டுரைகூட ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வாந்தி எடுத்ததுபோல் தெரியும். ஆக, பழைய இதழுக்கு விண்டோஸ், தினசரி உபயோகத்துக்கும் இன்டர்நெட்டுக்கும் மின்ட் என்று தீர்மானித்தேன். லினக்ஸுக்குள்ளேயே விண்டோஸை ஒரு மாயப் பெட்டியில் ஓட்டும் வழியும் இருக்கிறது, நான்கு ஜி.பி. அதற்குப் போதாது.

இனி வேலை. முதலில் நகல் எடுக்க வேண்டும். டிஸ்க்கின் பிரிவுகளில் கை வைக்குமுன் உங்கள் போட்டோ, பத்திரம், வரிக் கணக்கு அனைத்தையும் வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து, அந்த டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். நான் சி டிரைவில் இருந்ததை எல்லாம் எடுத்தேன். இதழ்க் கோப்புகள் டி டிரைவில் இருந்தன. டி-யைத்தான் நாம் தொடப்போவதில்லையே என்று விட்டுவிட்டேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

அடுத்து, சி டிரைவைச் சுருக்கி மின்ட்டுக்கு இடம் விட வேண்டும். விண்டோஸிலேயே டிஸ்க் மேனேஜ்மென்ட் என்ற பகுதியில் அதற்கு வழி இருக்கிறது. விண்டோஸின் வீட்டை விண்டோஸைக் கொண்டே சுருக்குவதுதான் நல்லது. நான் 100 ஜி.பி. விட்டேன், தாராளம். காலி இடம் நிறைய இருந்தும் கொஞ்சம்தான் சுருக்க முடியும் என்று அது சொன்னால் பயப்பட வேண்டாம். நகர்த்த முடியாத சில கோப்புகள் நடுவில் உட்கார்ந்திருக்கும். மடிக்கணினி வைத்திருப்போர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: டிஸ்க் முழுவதையும் ரகசியக் குறியீட்டில் பூட்டி வைத்திருக்கிறதா என்பது. பூட்டியிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியை முதலில் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் விண்டோஸ் அதைக் கேட்டுக்கொண்டு வாசலிலேயே நிற்கும்.

மின்ட்டை அதன் சொந்த வலைத்தளத்திலிருந்து இறக்கி, எட்டு ஜி.பி. பென் டிரைவில் ரூஃபஸ் போன்ற மென்பொருளால் எழுத வேண்டும். வெறுமனே காப்பி செய்தால் கிளம்பாது. பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பினால் டிஸ்க்கைத் தொடாமலேயே மின்ட் முழுசாக ஓடிக் காட்டும். ஒரு நாள் அப்படியே ஓட்டிப் பாருங்கள். வை-ஃபை கிடைக்கிறதா, பிரிண்டர் பேசுகிறதா, சத்தம் வருகிறதா என்று பார்த்த பிறகு நிறுவினால் போதும்.

நிறுவும்போது ஒரு திரையில் கேள்வி வரும்: விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவவா, டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவவா, வேறு ஏற்பாடா? இங்கே அவசரம் கூடாது. இரண்டாவதை அழுத்தி உறுதியும் செய்துவிட்டால் நகல் இல்லாதவருக்கு விமோசனம் இல்லை. பக்கத்தில் நிறுவு என்ற வரியே காணவில்லை என்றால், பெரும்பாலும் விண்டோஸ் ஒரு முறையிலும் பென் டிரைவ் வேறு முறையிலும் கிளம்பியிருக்கும். பழைய பயாஸ், புதிய யு.இ.எஃப்.ஐ. என்று கிளப்பும் முறை இரண்டு. இரண்டு சிஸ்டமும் ஒரே முறையில் கிளம்ப வேண்டும். நிறுத்திவிட்டு அதைச் சரி செய்து வாருங்கள்.

எல்லாம் முடிந்து கிளப்பினால் க்ரப் என்ற பட்டியல் வரும். மின்ட்டா, விண்டோஸா? பத்து விநாடிக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும். சும்மா இருந்தால் மின்ட்டுக்குப் போகும். எனக்கு இது கேபினில் பாயின்ட் போடுவது போலத்தான். ஒரு பக்கம் பாயின்ட் விழுந்து பூட்டிவிட்டால் மறு பக்கத்துக்கு வண்டி போகாது. பெரிய விண்டோஸ் திருத்தம் வந்த பிறகு எப்போதாவது பட்டியல் வராமல் நேரே விண்டோஸுக்குப் போனால் மின்ட் அழிந்துவிட்டதாக அலற வேண்டாம். பயாஸ் அமைப்பில் கிளம்பும் வரிசை மாறியிருக்கும். மின்ட்டை மறுபடி முதலில் வைத்தால் சரி.

இப்போது என் கதைக்கு வருகிறேன். ஆத்ரா கோட்டத்துக் கிளைப் பாதைகளில் நான் வேலை பார்த்த நாளில் ஒற்றை வழி உண்டு. இரு ஸ்டேஷனுக்கும் நடுவில் ஒரே பாதை. நீல் டோக்கன் கருவியிலிருந்து ஒரு இரும்புப் பந்து வரும். அதைப் பையில் போட்டு பிரம்பு வளையத்தோடு டிரைவரிடம் நீட்டுவார்கள். பந்து கையில் இல்லாமல் எந்த டிரைவரும் அந்தப் பாதையில் நுழையமாட்டார். போன வண்டியின் பந்து அடுத்த ஸ்டேஷன் கருவிக்குள் விழும்வரை இன்னொரு பந்தைக் கருவி விடாது. இரண்டு வண்டி ஒரே நேரத்தில் உள்ளே இருக்க வழியே இல்லை.

விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒரு வசதி வந்தது. பெரும்பாலான கம்ப்யூட்டரில் அது தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். நாம் ஷட்டவுன் கொடுத்தால் விண்டோஸ் முழுமையாக மூடுவதில்லை. தன் உட்கருவின் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்குகிறது. மறுநாள் அதை வாசித்து விரைவில் எழுகிறது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அதன் பழைய நினைவும் அப்படியே இருக்கும். விளக்கு அணைந்திருக்கும், ஆனால் வண்டி பாதையை விட்டு வெளியேறியிருக்காது. வேடிக்கை என்னவென்றால் ரீஸ்டார்ட் கொடுத்தால் முழுமையாக மூடித் திறக்கிறது. ஷட்டவுனில்தான் இந்த வேலை.

எனக்கு அது தெரியாது. நவம்பரில் ஓர் இரவு விண்டோஸை ஷட்டவுன் செய்துவிட்டு மின்ட்டைக் கிளப்பி, டி டிரைவைத் திறக்கப் பார்த்தேன். மறுத்தது. விண்டோஸின் நினைவில் இன்னும் விவரங்கள் இருக்கின்றன, திறக்கமாட்டேன் என்று ஒழுங்காகச் செய்தி காட்டியது. சிவப்பு சிக்னல்! முப்பத்தெட்டு வருஷம் சிக்னலோடு வாழ்ந்தவன், அதை ஒரு கோளாறு என்று நினைத்தேன். தேடியதில் டிஸ்க்கைச் 'சரி செய்யும்' ஓர் ஆணை கிடைத்தது. அதை ஓட்டினேன், திறந்தது. இதழ்க் கோப்புகளை ஆண்டுவாரியாகப் புது ஃபோல்டர்களில் அடுக்கி வைத்துவிட்டு நிம்மதியாகப் படுத்தேன்.

காலையில் விண்டோஸ் தன் பழைய நினைவோடு எழுந்தது. அதன் கணக்கில் கோப்புகள் பழைய இடத்தில் இருந்தன, டிஸ்க்கில் வேறு இடத்தில் இருந்தன. டிஸ்க் பரிசோதனை தானாக ஓட ஆரம்பித்தது. அது முடிந்தபோது காபி ஆறிப்போயிருந்தது. பெரும்பாலான கோப்புகள் இருந்தன. 2003 பொங்கல் மலர் மட்டும் பெயர் இருந்தது, திறக்கவில்லை. பேரன் ஒரு வாரம் தூரத்திலிருந்தே முயன்றும் பலன் இல்லை. அந்த மலரில்தான் நம் சங்கத்தைத் தொடங்கிய காலத்தைப் பற்றி, இப்போது நம்மிடையே இல்லாத மூத்த உறுப்பினர் ஒருவர் எழுதிய நீண்ட கட்டுரை இருந்தது.

ஆகவே மின்ட்டை நிறுவுமுன்பே கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குப் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் கட்டத்தின் டிக்கை எடுத்துவிடுங்கள். ஹைபர்நேட் செய்துவிட்டும் மறு சிஸ்டத்துக்கு மாறாதீர்கள். மின்ட் டிரைவைத் திறக்க மறுத்தால் மறுபடி விண்டோஸுக்குப் போய் முழுமையாக மூடிவிட்டு வாருங்கள். வேறு ஆணை எதையும் ஓட்ட வேண்டாம்.

சின்ன விஷயம் ஒன்று பாக்கி. மின்ட்டில் இருந்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கலாம். உள்ளே இருக்கும் பேட்டரிக் கடிகாரம் உள்ளூர் நேரம் காட்டுவதாக விண்டோஸ் எண்ணுகிறது. உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் எண்ணுகிறது. நம் நாட்டுக்கு இது புதிதல்ல. 1906-ல் இந்திய நேரம் நடைமுறைக்கு வருமுன் ரயில்கள் மெட்ராஸ் நேரத்தில் ஓடின. கல்கத்தா நகரமோ இந்திய நேரத்தைவிட ஏறக்குறைய 24 நிமிடம் முந்திய தன் சொந்த நேரத்தை 1948 வரை விடவில்லை. கம்ப்யூட்டரில் தகராறு தீர மின்ட்டில் ஒரே ஒரு வரி ஆணை போதும். வேண்டுவோர் கூட்டத்தின்போது கேட்டால் எழுதித் தருகிறேன்.

இப்போது மின்ட்டில் தமிழ் 99 விசைப்பலகை வைத்து யூனிகோடில் அடிக்கிறேன்; இந்தக் கட்டுரையும் அப்படி அடித்ததே. மற்ற இதழ்களை விண்டோஸில் திறந்து பி.டி.எஃப். ஆக்கி இரண்டு வெளி டிஸ்க்குகளில் வைத்திருக்கிறேன். ஒன்று என்னிடம், ஒன்று செயலாளரிடம். 2003 பொங்கல் மலரை அச்சுப் பிரதியைப் பார்த்துத் திரும்ப அடித்து வருகிறேன். ஆனால் சங்க நூலகப் பிரதியில் 17 முதல் 20 வரையான பக்கங்கள் இல்லை. மூத்தவர் கட்டுரையின் பிற்பகுதி அதில்தான் இருக்கிறது. பரணிலோ டிரங்குப் பெட்டியிலோ அந்த மலர் வைத்திருப்பவர்கள் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவந்தால் அங்கேயே போட்டோ எடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தந்துவிடுவேன்.