பாகவதருக்கு லண்டன் வரை போக வசதி இருந்தது... நம் ஊர்க்காரருக்கு?

திருவையாறு என்றதும் எல்லோருக்கும் தியாகராஜர் ஆராதனைதான் ஞாபகத்துக்கு வரும். அந்த ஊரில் ஒரு கோர்ட்டும் இருக்கிறது. வாய்தா நாளில் காலை பத்து மணிக்குப் போய்ப் பாருங்கள். மஞ்சப்பையில் சம்மனையும் ஆதார் நகலையும் வைத்துக்கொண்டு, தன் பேரை எப்போது கூப்பிடுவார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும் ஆட்களைப் பார்க்கலாம்.

டெல்டாவில் வழக்குகள் பெரும்பாலும் சின்ன விஷயத்தில்தான் தொடங்கும். வரப்பை வெட்டினான், மடையை அடைத்தான் என்று வாய்த்தகராறில் ஆரம்பித்து மண்வெட்டிக் காயத்தில் முடியும். உயிரே போய்விட்டால் வழக்கு 13 கிலோமீட்டர் தள்ளி தஞ்சாவூர் செஷன்ஸ் கோர்ட்டுக்கு ஏறிவிடும். பிறகு அந்தக் குடும்பத்தின் தலையெழுத்து, அவருக்காக எழுந்து நிற்கும் வக்கீலின் கையில்.

அந்த வக்கீல் யார், அவருக்கு யார் தொழில் சொல்லிக் கொடுத்தார்கள்? நம்மில் யாரும் இதைக் கேட்பதே இல்லை.

மாயவரத்தில் பிறந்த எம்.கே.தியாகராஜ பாகவதரின் கதை இதற்குப் பொருத்தமானது. 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். அப்போது 'ஹரிதாஸ்' தியேட்டர்களில் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது! அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் கொலை வழக்கை ஜூரிகள்தான் கேட்பார்கள். ஒன்பது ஜூரிகளில் ஆறு பேர் 'குற்றவாளி' என்றார்கள், மூன்று பேர் 'இல்லை' என்றார்கள். 1945-ல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

உயர் நீதிமன்றத்தில் செய்த அப்பீல் தோற்றது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார்கள். அங்கிருந்து, அப்பீலை மறுபடி விசாரிக்கச் சொல்லி வழக்கு திரும்பி வந்தது. இந்த முறை வாதாடியவர்களில் ஒருவர், பின்னாளில் எத்திராஜ் கல்லூரியை நிறுவிய வி.எல்.எத்திராஜ். 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை ஆனார்கள். அதற்குள் சுமார் 30 மாதங்கள் சிறையில் போய்விட்டன. பாகவதரின் மார்க்கெட்டும் போய்விட்டது.

சூப்பர் ஸ்டாருக்கே இதுதான் நிலைமை. லண்டன் வரை போக அவருக்கு வசதி இருந்தது. நம் ஊர் விவசாயக் கூலிக்கு முதல் கோர்ட்தான் கடைசி கோர்ட்.

பிறகு ஜூரி முறை நம் நாட்டில் மெல்ல ஒழிந்தது. பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதியை 1959-ல் ஜூரிகள் 8-க்கு 1 என்று விடுவித்ததும், அதை உயர் நீதிமன்றம் ஏற்க மறுத்ததும் நாடு முழுக்கப் பேசப்பட்டன. 1973-ல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லை. இன்று சாட்சியை எடைபோடுவது நீதிபதி மட்டும்தான். ஆனால், சாட்சியை உரசிப்பார்க்கும் வேலை இன்றும் வக்கீலுடையதுதான்.

சினிமாவில் வருவதுபோல மேஜையைத் தட்டுவது குறுக்கு விசாரணை அல்ல. நிஜத்தில் அது ரொம்ப அமைதியான, கொஞ்சம் சலிப்பூட்டுகிற வேலை. எஃப்.ஐ.ஆர் எத்தனை மணிக்குப் பதிவானது, மாஜிஸ்திரேட் கைக்கு எத்தனை மணிக்குப் போனது என்று பார்க்க வேண்டும். பக்கத்துத் தெருவில் இருக்கும் கோர்ட்டுக்குப் பத்து மணி நேரம் கழித்துப் போயிருந்தால், இடையில் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். மகஜரில் கையெழுத்துப் போட்டவர் உண்மையிலேயே அந்த இடத்தில் இருந்தாரா? ராத்திரி என்றால் வெளிச்சம் எங்கிருந்து வந்தது? சம்பவ இடத்தை ஒரு முறையாவது நேரில் போய்ப் பார்த்த வக்கீலுக்குத்தான் இந்தக் கேள்வியெல்லாம் தோன்றும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. போலீஸிடம் சொல்லாத ஒன்றை சாட்சி கோர்ட்டில் புதிதாகச் சொல்கிறார் என்று வையுங்கள். அதை அவரிடம் கேட்டால் மட்டும் போதாது. விசாரணை அதிகாரி கூண்டில் ஏறும்போது, 'இந்தச் சாட்சி உங்களிடம் இப்படிச் சொன்னாரா?' என்று அவரிடமும் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். ஜூனியர் வக்கீல் அந்த ஒரு கேள்வியை மறந்துவிட்டால், கையில் கிடைத்த முரண்பாடு வீணாகிவிடும். இதைப் புத்தகத்தில் படித்துவிடலாம். ஆனால், கைக்கு வர சீனியர் பின்னால் வருஷக்கணக்கில் உட்கார வேண்டும். குருவுக்குப் பின்னால் தம்புரா பிடித்துக்கொண்டே பாட்டுக் கற்பதுபோலத்தான். சட்டக் கல்லூரியில் மாதிரி நீதிமன்றம் உண்டு என்றாலும், அங்கே பயந்து நடுங்கும் நிஜ சாட்சி கிடையாது!

அமெரிக்காவில் கிளாரன்ஸ் கிடியன் என்ற ஏழை, 1961-ல் ஒரு கிளப்பை உடைத்துத் திருடியதாகப் பிடிபட்டார். வக்கீல் கேட்டார், நீதிபதி மறுத்தார். ஜூரி முன்னால் தானே வாதாடித் தோற்று, ஐந்தாண்டு சிறைக்குப் போனார். அங்கிருந்து பென்சிலால் எழுதிய மனுவை ஏற்று, 1963-ல் உச்ச நீதிமன்றம் 'ஏழைக்கு அரசு வக்கீல் தர வேண்டும்' என்றது. மறு விசாரணையில் வந்த உள்ளூர் வக்கீல், சாட்சிகளைப் பற்றி முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தார். சுமார் ஒரு மணி நேரத்தில் ஜூரி விடுதலை என்றது. குற்றச்சாட்டு அதேதான். மாறியது வக்கீல்.

நம் நாட்டிலும் 1976-ல் அரசியலமைப்பில் சேர்ந்த 39ஏ பிரிவும், 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டமும் இலவச வக்கீலை உரிமையாக்கின. ஆனால், 'இலவச வக்கீலா? சும்மா பேருக்குத்தான்' என்ற பேச்சு ஊருக்குள் உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. மத்தியப்பிரதேசத்தில் 2013-ல் ஓர் இளைஞர் மீதான கொலை வழக்கில், இலவச வக்கீலை நியமித்த அன்றே குற்றச்சாட்டு பதிவானது. இரண்டு வாரத்துக்குள் விசாரணை முடிந்து தூக்குத் தண்டனை! 2019-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்து மறு விசாரணைக்கு அனுப்பியது. ஆயுள், தூக்கு வரை போகக்கூடிய வழக்கென்றால் குறைந்தது 10 ஆண்டு அனுபவம் உள்ள வக்கீலைத் தர வேண்டும், தயாராக ஏழு நாளாவது தர வேண்டும் என்றும் சொன்னது. அந்த இளைஞர் 2024-ல் விடுதலையானார். 11 வருஷம் போனது போனதுதான்.

2022-ல் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் ஒரு புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. மாவட்டத் தலைநகரில் குற்ற வழக்குகளுக்கென்றே முழுநேர வக்கீல்கள் குழு. தலைமை வக்கீலுக்கு 10 ஆண்டு அனுபவம் வேண்டும், துணை வக்கீலுக்கு 7 ஆண்டு. உதவி வக்கீலாக மூன்று ஆண்டுக்குள் அனுபவம் உள்ளவர்களே வரலாம். இவர்கள் தனியாக கேஸ் எடுக்கக் கூடாது. என் பார்வையில் இதில் முக்கியமான விஷயம் அந்த உதவி வக்கீல்கள்தான். பணமில்லாதவரின் வழக்கிலேயே, அனுபவசாலி பக்கத்தில் இருக்க, சம்பளம் வாங்கிக்கொண்டு ஓர் இளம் வக்கீல் தொழில் கற்கிறார். பல ஜூனியர்களுக்கு பஸ் காசுகூடத் தேறாத தொழிலில் இது சாதாரண மாற்றமில்லை.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது கைதானால், ரிமாண்டுக்கு மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தும்போதே, 'எனக்கு வக்கீல் வைக்க வசதியில்லை' என்று வாயால் சொன்னால் போதும். சிறையிலிருந்தும் கேட்கலாம். 15100 என்ற இலவச எண்ணுக்கும் பேசலாம். காவலில் இருப்பவர்கள், பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. வெட்கப்பட்டோ, தெரியாமலோ அவர் கேட்காமல் விட்டாலும், இப்படி ஓர் உரிமை இருக்கிறது என்று எடுத்துச் சொல்லும் பொறுப்பு மாஜிஸ்திரேட்டுக்கு உண்டு. 1986-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது.