கூட்டு முயற்சியால் மீண்ட பாடும் பறவை

கிர்ட்லண்ட் வார்ப்ளர், மஞ்சள் மார்பும் நீலச்சாம்பல் முதுகும் கொண்ட சிறிய பாடும் பறவை. குளிர்காலத்தைப் பெரும்பாலும் பஹாமாஸ் தீவுகளில் கழித்துவிட்டு, முட்டையிட அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்கு வருகிறது. அங்கே சுமார் 5 முதல் 20 வயதுள்ள ஜாக் பைன் மரங்களின் தாழ்ந்த கிளைகளுக்கு அடியில், தரையில் கூடு கட்டும். மரம் வளர்ந்து கீழ்க்கிளைகள் பட்டுப்போனால் அந்தக் காட்டைக் கைவிட்டுவிடும்.

ஜாக் பைனின் கூம்புகளைப் பிசின் இறுக மூடியிருக்கும். தீயின் வெப்பம் பட்டால்தான் பெரும்பாலானவை திறந்து விதைகளைச் சிதறும். காட்டுத்தீயை மனிதர் அணைக்கத் தொடங்கியதும் இளங்காடு குறைந்தது. கௌபேர்ட் பறவைகளும் வார்ப்ளரின் கூட்டில் முட்டையிட்டன; அவற்றின் பெரிய குஞ்சுகள் இரையைப் பறித்துக்கொண்டதால் வார்ப்ளர் குஞ்சுகள் மடிந்தன. 1974இல் பாடும் ஆண் பறவைகள் 167 மட்டுமே எண்ணப்பட்டன.

மத்திய அரசின் வனத்துறையும் வனவிலங்குத் துறையும், மாநில இயற்கைவளத் துறையும் கைகோத்தன. முதிர்ந்த மரங்களை வெட்டி விற்று, இடையிடையே திறந்தவெளி விட்டுப் புதிய கன்றுகளை நட்டன. கௌபேர்டுகள் 1972 முதல் பொறிவைத்துப் பிடிக்கப்பட்டன. பறவைகள் பெருகி, இலக்கான 1,000 இணைகளைத் தாண்டின. 2019இல் இந்த இனம் அழிவாபத்துப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

நடவு நின்றால் இளங்காடு மிஞ்சாது. ஆகவே பட்டியலிலிருந்து நீங்கிய பின்னும் இந்தக் கூட்டுப்பணி தொடர்ந்தே ஆக வேண்டும்.