சுவாசக் கருவியில் இருக்கும் உங்கள் அன்புக்குரியவர்: நாங்கள் எவற்றைக் கண்காணிக்கிறோம்?

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் முதன்முறையாக வரும்போது, திரையில் மாறிக்கொண்டே இருக்கும் எண்களும் அடிக்கடி ஒலிக்கும் எச்சரிக்கை மணிகளும் உங்களைக் கலங்கவைக்கலாம். சுவாசக் கருவி நுரையீரலைக் குணப்படுத்துவதில்லை. நோய் தணியும்வரை நோயாளியின் மூச்சுக்குத் துணை நிற்கிறது. அந்தத் துணை போதுமா, அளவுக்கு மீறிவிட்டதா என்பதைத் தாதியரும் மருத்துவர்களும் இரவும் பகலும் கவனிக்கின்றனர்.

மணி ஒலித்தால் ஆபத்தா?

பல வேளைகளில் இல்லை. நோயாளி இருமினாலோ, குழாயைக் கடித்தாலோ, சளி சேர்ந்தாலோ காற்றழுத்தம் உயர்ந்து மணி ஒலிக்கும். இணைப்பு கழன்றாலோ காற்று கசிந்தாலோ அழுத்தம் குறைந்தும் ஒலிக்கும். அப்போது தாதி திரையை மட்டும் பார்ப்பதில்லை, நோயாளியைப் பார்ப்பார். மார்பின் இரு பக்கமும் சமமாக உயர்கிறதா, உதடு நீலம் பாய்கிறதா, மூச்சுக்குத் திணறுகிறாரா என்பதை எண்கள் மட்டுமே சொல்லிவிடாது. சளி இருந்தால் மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுப்பார். அந்நேரம் நோயாளி பலமாக இருமலாம். பார்க்கச் சங்கடமாக இருந்தால் நீங்கள் சற்று வெளியே நிற்கலாம். மணியை நீங்களாக நிறுத்தாதீர்கள். அருகில் யாரும் இல்லையென்றால் உடனே தாதியை அழையுங்கள்.

பிராணவாயு அளவு 100 இல்லையே?

விரலில் மாட்டியுள்ள கருவி இரத்தத்தில் உள்ள பிராணவாயுவின் அளவைக் காட்டுகிறது. பலருக்கு 92 முதல் 96 விழுக்காடு போதுமானது. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கு 88 முதல் 92 வரை இலக்காக வைக்கப்படலாம். அளவுக்கு மீறிய பிராணவாயுவும் தீங்கு செய்யும்.

நகப்பூச்சும் குளிர்ந்த விரல்களும் இந்த அளவீட்டைக் குழப்பும். கருமையான தோல் உள்ளவர்களிடம், உண்மை அளவைவிடச் சற்றுக் கூடுதலாகவும் காட்டக்கூடும். நம்மில் பலருக்கு இது பொருந்தும். ஆகவே விரல் கருவியை மட்டும் நம்பியிராமல், பெரும்பாலும் மணிக்கட்டு நாடியிலிருந்து இரத்தம் எடுத்து பிராணவாயு, கரியமில வாயு, அமிலத்தன்மை ஆகியவை சோதிக்கப்படுகின்றன.

நீங்கள் செய்யக்கூடியவை

குழாய் குரல்நாண்களுக்கு இடையே செல்வதால் அவரால் பேச முடியாது. ஆனால் நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்கக்கூடும். இன்று என்ன கிழமை, வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள். விழித்திருந்தால், "ஆம்" என்பதற்குக் கையை அழுத்தச் சொல்லலாம். அவருடைய மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி இருந்தால் கொண்டு வாருங்கள். மனக்குழப்பம் குறைய உதவும். கட்டிலின் தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்த்தப்பட்டிருப்பது நுரையீரல் தொற்றைத் தடுப்பதற்காக. அதைத் தாழ்த்த வேண்டாம். நெற்றியில் விபூதி இட விரும்பினால் தாதியிடம் கேட்டுவிட்டு இடுங்கள். தண்ணீரோ தீர்த்தமோ வாயில் விடவே கூடாது.

கருவி எப்போது அகற்றப்படும்?

நிலைமை சீரானதும், மயக்க மருந்தைக் குறைத்து, 30 நிமிடம் முதல் 2 மணி நேரம் வரை அவர் தாமாக மூச்சுவிடுகிறாரா என்று சோதிப்பார்கள். களைத்துப்போனால் கருவியின் துணை மீண்டும் கூட்டப்படும். மறுநாள் திரும்ப முயலலாம். முதல் முயற்சியில் முடியாமல் போவது வழக்கமில்லாத ஒன்றல்ல. திரையில் உள்ள எண்ணைக் கேட்பதைவிட, "இன்று தாமாக மூச்சுவிட்டுப் பார்த்தாரா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். குழாயை எடுத்தபின் குரல் சில நாள் கரகரப்பாக இருக்கலாம். அவர் பாதுகாப்பாக விழுங்குகிறார் என்று குழுவினர் உறுதிசெய்யும்வரை, அவரே கேட்டாலும் தண்ணீர் கொடுக்காதீர்கள்.