மலைநாட்டில் ட்ரோன்: உயரத்தை எங்கிருந்து அளப்பது?

கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடக்கும் மகாவலி கங்கையை, சற்றுக் கீழே பொல்கொல்லை அணைக்கட்டு மறிக்கிறது. 1976 முதல் ஆற்று நீரின் ஒரு பங்கை, சுமார் 8 கிலோமீற்றர் நீளச் சுரங்கத்தின் வழியே உக்குவளை மின்நிலையத்துக்குத் திருப்பிவிடுவது இந்த அணைக்கட்டுதான். அங்கே தேங்கி நிற்கும் நீருக்கு இன்னொரு பயனும் இருந்தது. சினமன் எயார் நிறுவனத்தின் சிறு விமானங்கள் பயணிகளை ஏற்றிக்கொண்டு வந்து அந்த நீரிலேயே இறங்கின. பார்ப்பவருக்கு அது வெறும் ஆறு, விமானிக்கு ஓடுபாதை. கரையோரக் கலியாண வீட்டைப் படம்பிடிக்க ட்ரோன் ஏற்றும் இளைஞருக்குத் தலைக்கு மேலே ஒரு விமானப் பாதை இருப்பது எப்படித் தெரியும்?

ட்ரோன் சட்டங்கள் பிறப்பது இந்தக் கேள்வியிலிருந்துதான்.

நாம் அதிகம் காணும் ட்ரோனுக்கு நான்கு விசிறிகள். இரண்டு வலமாகவும் இரண்டு இடமாகவும் சுழல்வதால் உடல் சுற்றாமல் நிற்கிறது. முன்னே போகப் பின் விசிறிகள் வேகம் கூட்டும். உடல் முன்சாய்ந்து நகரும். சாய்வை அறியும் உணரிகளும், இடத்தைச் சொல்லும் ஜிபிஎஸ்ஸும், காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தைக் கணிக்கும் கருவியும் நொடிக்குப் பலநூறு தடவை விசிறிகளைத் திருத்திக்கொண்டே இருக்கின்றன. பழகாத கைக்கும் அது அடங்கிப் பறப்பது இதனால்தான். ஆனால் எதிரே ஹெலிகொப்டர் வருவதைச் சாதாரண ட்ரோன் அறியாது.

ஹெலிகொப்டர் விமானியும் ட்ரோன் இருப்பதை அறியமாட்டார். மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தில் வருபவர், ஓரடி அகலமுள்ள சாம்பல்நிறப் பொருளை 200 மீற்றர் தொலைவில் கண்டுபிடித்தாலும், விலக அவருக்குக் கிடைப்பது நான்கு செக்கனுக்கும் குறைவு. பார்த்து விலகும் பொறுப்பு முழுவதும் கீழே நிற்பவர் தலையில் விழுவது அதனால்தான். ஆளேறிய விமானத்துக்கே எப்போதும் முன்னுரிமை, ட்ரோன் கண்பார்வைக்குள்ளேயே இருக்கவேண்டும் என்று பல நாடுகளின் விதிகள் சொல்வதன் காரணமும் அதுவே.

இத்தனை சிறிய பொருள் மோதி என்ன ஆகிவிடும்? 2018இல் அமெரிக்காவின் டேட்டன் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில், ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த ட்ரோனைச் சிறு விமானத்தின் இறக்கைமீது எய்து பார்த்தார்கள். அது இறக்கையைத் துளைத்து உள்ளே போய், இறக்கையைத் தாங்கும் முதன்மைச் சட்டத்தையும் சேதப்படுத்தியது. அதே எடையில் பறவைபோலச் செய்த ஜெலட்டின் உருண்டை அவ்வளவு ஆழம் போகவில்லை. பறவையின் உடல் மோதியதும் சிதறிவிடும். மோட்டாரும் பற்றரியும் ஆணிபோல இறங்கும்.

2025 ஜனவரியில் லொஸ் ஏஞ்சலீஸ் காட்டுத்தீயின்போது இது நேரிலேயே நடந்தது. கடலில் நீர் மொண்டு தீயில் கொட்டிவந்த கனேடிய விமானத்தின் இறக்கையில், வேடிக்கை பார்க்க ஏற்றிய ட்ரோன் ஒன்று ஓட்டை போட்டது. விமானம் சில நாட்கள் தரையிலேயே நின்றது. அந்த ட்ரோன் 250 கிராமுக்கும் குறைந்த ரகம். ஏற்றியவர் அதை இரண்டரைக் கிலோமீற்றர் தொலைவுக்கு அனுப்பிவிட்டுப் பார்வையிலிருந்தும் தவறவிட்டிருந்தார்.

அமெரிக்கா, ஐரோப்பா, இந்தியா ஆகிய இடங்களில் பொதுவான உயர வரம்பு தரையிலிருந்து சுமார் 120 மீற்றர். விமானங்கள் ஏறும்போதும் இறங்கும்போதும் தவிர, சனநெருக்கம் இல்லாத இடங்களில் குறைந்தது 150 மீற்றர் உயரத்தில் பறக்கவேண்டும் என்பது சர்வதேச விதி. இரண்டுக்கும் நடுவே மிஞ்சுவது 30 மீற்றர் இடைவெளி. சமவெளியில் இந்தக் கணக்கு சரிவரும், கண்டியில்தான் சிக்கல்.

ட்ரோனின் திரை காட்டும் உயரம் பெரும்பாலும் புறப்பட்ட இடத்திலிருந்து அளந்தது. ஹந்தானை மலைச் சரிவில், பள்ளத்தாக்கைவிட 300 மீற்றர் உயரமான ஓரிடத்தில் நின்று 100 மீற்றர் ஏற்றி, அப்படியே வெளியே செலுத்தினால், திரையில் 100 என்றே இருக்கும். கீழே தரையோ 400 மீற்றர் ஆழத்தில். ஏற்றியவர் சட்டத்துக்குள் இருப்பதாக எண்ணிக்கொண்டே விமானங்களின் இடத்துக்குள் நுழைந்திருப்பார். பள்ளத்திலிருந்து மலையை நோக்கிச் செலுத்தினால் ஆபத்து தலைகீழ்: உயரம் மாறாமலே தரை எழுந்து வந்து மோதும். நடுவில் குன்று மறைத்தால் ரேடியோத் தொடர்பும் அறும். அப்போது முன்கூட்டிக் குறித்த உயரத்தில் ட்ரோன் தானாகத் திரும்பும்; அந்த உயரம் குன்றைவிடக் குறைவென்றால் வந்துசேராது.

இலங்கையில் இதையெல்லாம் மேற்பார்வை செய்வது சிவில் விமான சேவைகள் அதிகார சபை. அதற்கு அடிப்படை 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம். 200 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோன்களை அங்கே பதிவு செய்யவேண்டும். படப்பிடிப்பு போன்ற வேலைகளுக்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியும் தேவைப்படும். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்கள் நடந்து நான்கு நாட்களில், ஏப்ரல் 25 அன்று, நாடு முழுவதும் ட்ரோன் அனுமதிகள் நிறுத்தப்பட்டன. ஆகவே பழைய அனுமதிக் கடிதத்தை நம்பாமல், அன்றைய நிலையை விசாரித்த பின்பே ஏற்றவேண்டும்.

யானைகள் அணிவகுக்கும் எசல பெரஹரா ஊர்வலக் காலத்தில் ட்ரோன்களுக்கு உள்ள கட்டுப்பாட்டுக்குத் தலதா மாளிகையின் பாதுகாப்பு மட்டுமல்ல, இன்னொரு நியாயமும் உண்டு. தன்சானியாவில் வயலுக்குள் புகும் யானைகளை விரட்ட ட்ரோன்களையே பயன்படுத்தியிருக்கிறார்கள்; தேனீக்கூட்டம்போல இரையும் அந்தச் சத்தம் யானைக்கு ஆகாது. இரு மருங்கும் சனம் நிறைந்த வீதியில் யானை மிரண்டால் என்ன ஆகும் என்று கண்டிக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை.

மலைநாட்டில் ட்ரோன் ஏற்றுகிறவர் சட்டத்தோடு சேர்த்து மூன்று பழக்கங்களையும் கைக்கொள்வது நல்லது. நிற்கும் இடத்துக்கும் செலுத்தும் இடத்துக்கும் உள்ள உயர வேறுபாட்டை முதலில் வரைபடத்தில் பார்க்கவேண்டும். திரும்பும் உயரத்தைச் சுற்றியுள்ள குன்றுக்கும் மரத்துக்கும் ஏற்ப, தரையிலிருந்து அளக்கும் வரம்பை மீறாமல் குறிக்கவேண்டும். அப்படிக் குறிக்க முடியாத இடத்தில் ஏற்றாமல் விடுவதே சரி. திரையையே பார்த்து நிற்பவருக்கு வானம் தெரியாது. ஆகவே வானத்தை மட்டும் பார்க்க இன்னொருவரைப் பக்கத்தில் நிறுத்தவேண்டும். மலை மறைவிலிருந்து வரும் ஹெலிகொப்டரின் சத்தம் கிட்ட வந்த பிறகுதான் கேட்கும். பக்கத்தில் நிற்பவர் “இறக்கு” என்றால், எடுத்த காட்சி பாதியில் நின்றாலும் உடனே இறக்கிவிடவேண்டும்.