மீள்சுழற்சிச் சல்லியிலான கொங்கிறீற்றின் தரத்தை உயர்த்தல்

கொங்கிறீற்று இடிபாடுகளை நொறுக்கிப் பெறப்படும் சல்லி மீள்சுழற்சிச் சல்லி எனப்படும். 2004 சுனாமியின் பின் காலியில் கட்டட இடிபாடுகளை மீள்சுழற்சி செய்யும் திட்டமொன்று நடைமுறைப்படுத்தப்பட்டது. 2025 நவம்பரில் டித்வா சூறாவளியால் கண்டி மாவட்டத்திலும் பல வீடுகள் இடிந்தன. வத்தேகம போன்ற மலைப்பகுதிகளில் இடிபாடுகளை ஓடைகளில் கொட்டினால் நீரோட்டம் தடைப்படும். அவற்றைச் சல்லியாக்கினால் கருங்கல் அகழ்வும் குறையும்.

தரம் குறைவது ஏன்?

நொறுக்கிய கல்லில் பழைய சீமெந்துச் சாந்து ஒட்டியிருக்கும். அது நுண்துளைகள் கொண்டது. கருங்கற் சல்லி பொதுவாகத் தன் திணிவில் ஏறத்தாழ 1% நீரையே உறிஞ்சும். மீள்சுழற்சிச் சல்லி பெரும்பாலும் 3% முதல் 10% வரை உறிஞ்சும். எனவே கலவையின் இளக்கம் விரைவில் குறையும். பழைய சாந்து நலிவானதாகையால் நெருக்கல் வலிமையும் குறையும்.

தரத்தை உயர்த்தும் முறைகள்

1. மரம், ஜிப்சம், செங்கல், மண் என்பவற்றை வேறாக்கிய பின் நொறுக்கி, சலித்து, கழுவுதல்.
2. சல்லிகளை ஒன்றோடொன்று உராயச் செய்து பழைய சாந்தை அகற்றுதல்.
3. சல்லியை முன்னரே ஊறவைத்து, மேற்பரப்பு நீர் வடிந்த பின் கலத்தல்.
4. இருபடிக் கலத்தல்: சல்லி, மணலுடன் முதலில் பாதி நீரையும், பின் சீமெந்தையும், இறுதியில் மீதி நீரையும் சேர்த்தல். இடையில் உருவாகும் தடித்த சீமெந்துப் பசை சல்லியின் துளைகளையும் வெடிப்புகளையும் நிரப்பும்.
5. கருங்கற் சல்லியில் ஒரு பகுதியை மட்டும் மாற்றீடு செய்தல்.

கவனிக்க: இளக்கம் போதாதெனக் கலவைக்கு மேலதிக நீர் ஊற்றினால் நீர்–சீமெந்து விகிதம் கூடி வலிமை மேலும் குறையும். 28 நாட்கள் பதப்படுத்திய கனக்குற்றிகளைச் சோதித்தே வலிமையை உறுதிசெய்ய வேண்டும்.

மாதிரி வினா: மீள்சுழற்சிச் சல்லியைக் கலப்பதற்கு முன் ஊறவைப்பது ஏன்?
விடை: சல்லி கலவை நீரை உறிஞ்சாது தடுப்பதற்கு.