உறைந்த திரையும் ஆறு எழுத்துகளும்

செயற்றிட்ட அறிக்கையை ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முந்திய இரவு. கடைசி இரண்டு பக்கங்களை நான் இன்னும் சேமிக்கவில்லை. எங்கள் வீட்டு லினக்ஸ் கணினியின் திரை திடீரென உறைந்தது. சுட்டியும் அசையவில்லை. ஆளியை அணைக்கப் போன என் கையை நானா தடுத்தார்.

"பொறு. திரைதான் நின்டிருக்கு, கணினி நிக்கல்ல."

நாம் சேமிக்கும் கோப்பு உடனே வன்தட்டுக்குப் போவதில்லை. சில விநாடிகள் நினைவகத்தில் காத்திருந்தே எழுதப்படுகிறது. இடையில் மின்சாரத்தை நிறுத்தினால் சேமித்த கோப்பும் பழுதாகலாம்.

முதலில் ஓரிரு நிமிடம் பொறுத்தோம். பின்னர் கன்ட்ரோல், ஆல்ட், எஃப் 3 ஆகிய விசைகளை ஒன்றாக அழுத்தினார் நானா. கறுப்புத் திரையில் எழுத்துகள் தோன்றின. பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தோம். கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் எதுவும் தெரியாது; அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. ‘டொப்’ கட்டளை, எந்தச் செயலி நினைவகத்தை விழுங்குகிறது என்று காட்டியது. நான் முப்பது பக்கங்களைத் திறந்து வைத்திருந்த இணைய உலாவிதான் அது! கியூ விசையால் பட்டியலிலிருந்து வெளியேறி, ‘கில்’ என்ற கட்டளையோடு அச்செயலியின் இலக்கத்தைக் கொடுத்தோம். உலாவி மூடியது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப் 2 அழுத்தினோம். சில கணினிகளில் இது எஃப் 1 அல்லது எஃப் 7. அறிக்கை அப்படியே இருந்தது. நான் செய்த முதல் வேலை, சேமித்தது!

இதற்கும் மசியாவிட்டால் கடைசி வழியொன்று உண்டு. ஆல்ட், பிரின்ட் ஸ்கிரீன் விசைகளைப் பிடித்தபடி ஆர், ஈ, ஐ, எஸ், யூ, பி என ஒவ்வொன்றாக, சில விநாடி இடைவெளி விட்டு அழுத்த வேண்டும். ஆர் விசைப்பலகையை மீட்கிறது. ஈ செயலிகளை மூடச் சொல்கிறது. ஐ மூடாதவற்றை வலிந்து மூடுகிறது. எஸ் நினைவகத்தில் காத்திருப்பதை வன்தட்டில் எழுதுகிறது. யூ வன்தட்டை வாசிக்க மட்டும் என மாற்றுகிறது. பி மீளத் தொடக்குகிறது. உபுண்டுவில் வழமையாக எஸ், யூ, பி ஆகிய மூன்றுக்கே அனுமதியுண்டு, அவையே போதும். சேமிக்காதது இவ்வழியில் மீளாது, சேமித்தது தப்பும்.

இப்போது அந்த ஆறு எழுத்துகளும் ஒரு தாளில் எழுதப்பட்டு எங்கள் மேசையில் ஒட்டப்பட்டுள்ளன. பெற்றோரே, உங்கள் வீட்டிலும் எழுதி ஒட்டுங்கள். திரை உறைந்த பின் அதிலேயே தேடிப் பார்க்க முடியாதல்லவா?